தாமிரபரணிக் கரையோரம்: பாபநாசம் முதல் கொற்கை வரை குடும்ப நடை

மலையேற்றம் எங்கள் வீட்டுக்கு ஒத்துவராது. அத்தைக்கு முழங்கால் வலி, மகனுக்கு ஏழு வயது, மகளுக்குப் பதினொன்று. ஆனால் எல்லோருக்கும் நடக்கப் பிடிக்கும். சமதளத்தில், நிழலில், தண்ணீர் ஓடும் சத்தம் காதில் விழ நடக்க வேண்டும் என்றால் தாமிரபரணிப் பள்ளத்தாக்கை விடப் பொருத்தமான இடம் எனக்குத் தோன்றவில்லை. பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலோடு சேரும் வரை ஏறக்குறைய 128 கிலோமீட்டர்தான். அதற்குள் அருவி, அணைக்கட்டு, வாய்க்கால், கோயில், இடுகாடு, துறைமுகம் என்று மூவாயிரம் ஆண்டு கிடக்கிறது. பொங்கல் விடுமுறையில் கிளம்பினோம். முழு ஆற்றையும் நடப்பது எண்ணமல்ல. ஒவ்வொரு நாளும் ஒரு துண்டு நடை, மிச்சம் பஸ், ரயில், ஆட்டோ.

ஜனவரி 15, பாபநாசம்

அம்பாசமுத்திரத்தில் தங்கினோம். காலை ஆறரைக்கு அறைக்கு வெளியே வந்து பார்த்தால் மேற்கே மலையே இல்லை, அவ்வளவு பனி. எட்டு மணிக்கு மேல்தான் பொதிகை மெல்லத் தெரிந்தது. மாட்டுப்பொங்கல் என்பதால் கடைகள் பாதிக்கு மேல் மூடியிருந்தன. பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு வீட்டுத் திண்ணையில் வயதான அம்மா ஒருவர் இட்லி விற்றுக்கொண்டிருந்தார். ஒன்று எட்டு ரூபாய். சட்னி தீர்ந்துவிட்டது என்றவர், வீட்டுக்குள் போய் மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் எடுத்து வந்து குழைத்துக் கொடுத்தார். மகன் ஐந்து இட்லி சாப்பிட்டான். "பண்டிகை நாளில் குழந்தைக்குக் கணக்குப் பார்ப்பார்களா?" என்று அவனுடையதற்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

பாபநாசத்தில்தான் ஆறு மலையை விட்டுச் சமவெளியில் காலடி வைக்கிறது. கோயில் படித்துறையில் கூட்டமாக மீன்கள். பொரி ஒரு பொட்டலம் இருபது ரூபாய். பொரியைத் தூவினால் தண்ணீர் கொதிப்பது போல மீன் புரண்டு எழும். மகன் கால் வலிக்கும் வரை அங்கேயே குந்தியிருந்தான்.

அதே படித்துறையில் என் மனத்தை வருத்தியதையும் எழுதத்தான் வேண்டும். பரிகாரம் செய்து குளித்தவர்கள் உடுத்திய துணியை ஆற்றிலேயே விட்டுவிடுகிறார்கள். வேட்டி, சேலை, குழந்தைச் சட்டை, எல்லாம் படியோரக் கற்களில் சிக்கி அழுகிக் கிடக்கின்றன. துப்புரவுப் பணியாளர்கள் இருவர் கம்பியால் இழுத்து இழுத்துக் கரையில் குவித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் ஒரு குவியலை முடிப்பதற்குள் மேலே இன்னொரு குடும்பம் துணியை விடுகிறது. இந்தத் தண்ணீரைத்தான் கீழே இரண்டு மாவட்டங்கள் குடிக்கின்றன. பாவம் போக்கும் ஆறு என்று நம்புகிறவர்கள் அந்த ஆற்றுக்கு இதைச் செய்யக் கூடாது.

அங்கிருந்து அகத்தியர் அருவி. ஏற்றம் கொஞ்சம்தான், பாதை நன்றாக இருக்கிறது. அத்தை இரண்டு இடத்தில் உட்கார்ந்து வந்து சேர்ந்துவிட்டார். அருவியில் குளித்தோம். தண்ணீர் எலும்பு வரை குளிர்ந்தது. மகள் அருவிக்கு மேலே இருக்கும் கல்யாண தீர்த்தத்தைக் காட்டி, பாறையில் தாவித் தாவிப் போகலாமா என்று கேட்டபோது அவளை உட்காரவைத்து வ.வே.சு. ஐயர் கதையைச் சொன்னேன். லண்டனில் சட்டம் படிக்கப் போய்ப் புரட்சிக்காரரானவர், தமிழில் சிறுகதைக்கு வழி போட்டவர். 1925 ஜூனில் இந்த அருவிப் பகுதியில்தான் அவருடைய மகள் சுபத்திரை தண்ணீரில் தவறிவிட, காப்பாற்றப் பாய்ந்த அப்பாவும் போய்விட்டார். மகள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு தானாகவே பாறையை விட்டு இறங்கி வந்தாள். குழந்தைகளோடு ஆற்றோரம் நடக்கிறவர்கள் எல்லோருக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: பாறை, சுழல், பாசி இருக்கும் பக்கமே போக வேண்டாம். நடைக்கு உரிய இடம் வாய்க்கால் கரை.

ஜனவரி 16, காருகுறிச்சி – சேரன்மகாதேவி

இன்றைக்குத்தான் உண்மையான நடை. அம்பாசமுத்திரத்தில் ரயில் ஏறிக் காருகுறிச்சியில் இறங்கினோம். நாகசுரம் அருணாசலம் பிறந்து வளர்ந்த ஊர் இது. மண்பாண்டத்துக்கும் பெயர் பெற்றது. பொங்கல் வியாபாரம் முடிந்து சூளைகள் ஆறிக் கிடந்தன. ஒரு வீட்டு முற்றத்தில் விற்காமல் மிஞ்சிய பானைகளை அடுக்கிக்கொண்டிருந்த அண்ணாச்சியிடம் குழம்புச் சட்டி ஒன்று வாங்கினேன், நூற்றிருபது ரூபாய். சட்டியைச் சுண்டிக் காட்டி, "மணி மாதிரிச் சத்தம் வந்தால் எடுங்கள், மொத்தென்று வந்தால் வைத்துவிடுங்கள்" என்று கற்றுக்கொடுத்தார். குளத்தில் படியும் வண்டல்தான் அவருக்கு மூலப்பொருள். வெள்ளம் வந்தால் மண் வரும். மண் வந்தால் பானை. "2023 டிசம்பர் வெள்ளத்தில் எவ்வளவு வந்தது?" என்று கணவர் கேட்க, அவர் பேசாமல் சுவரில் தம் இடுப்பு உயரத்துக்குக் கையை வைத்துக் காட்டினார்.

அந்தக் கை என் மகனைப் பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு வழியில் பார்த்த ஒருவரையும் அவன் விடவில்லை. "இங்கே தண்ணீர் எவ்வளவு வந்தது?" என்று கேட்பான். யாரும் அடிக் கணக்கில் பதில் சொல்லவில்லை. எல்லோரும் கையால்தான் காட்டினார்கள்: முழங்கால், இடுப்பு, ஜன்னல் விளிம்பு, ஓரிடத்தில் வாசல் நிலையின் மேல்கட்டை.

கன்னடியன் கால்வாய்க் கரையைப் பிடித்துக் கிழக்கே நடந்தோம். சேரன்மகாதேவி வரை ஐந்து கிலோமீட்டர் அளவில் இருக்கும். ஒரு பக்கம் கால்வாய் கரை நிறைய ஓடுகிறது, மறுபக்கம் பிசானப் பருவ நெல் இடுப்பளவு பச்சை. நடுநடுவே வாழை. கரையில் மருத மரங்களும் பனையும் வேம்பும். காலை ஒன்பதரை மணிக்கும் வெயில் உறைக்கவில்லை. சக்கர நாற்காலிக்கு ஏற்ற பாதை என்று சொல்ல மாட்டேன். ஆனால் முழங்கால் வலியுள்ள அத்தைக்கு ஏற்றம் இறக்கம் இல்லாத மண்பாதை சுகமாக இருந்தது. அரைக் கிலோமீட்டருக்கு ஒரு மதகு வரும், அதன் கட்டையில் உட்கார்ந்துகொள்வார்.

கால்வாயின் கதையை அத்தைதான் சொன்னார். கன்னட நாட்டுப் பிரம்மச்சாரி ஒருவர், தமக்குக் கிடைத்த பெருஞ்செல்வத்தைத் தர்மத்துக்குச் செலவிட வழி கேட்டு அகத்தியரிடம் போனாராம். ஒரு பசு நடக்கும் தடத்தில் கால்வாய் வெட்டு, அது கோமியம் விடும் இடத்தில் மடை வை, படுக்கும் இடத்தில் குளம் வெட்டு என்றாராம் முனிவர். கதை எப்படியிருந்தாலும் அதை உண்டாக்கியவர்களுக்கு நிலத்தின் வாட்டம் தெரிந்திருக்கிறது. மேய்ச்சல் மாடு ஏற்றத்தைத் தவிர்த்து ஒரே மட்டத்தில் வளைந்து வளைந்து நடக்கும். இந்தக் கால்வாயும் அப்படித்தான் வளைகிறது. தாமிரபரணியில் இப்படி எட்டு அணைக்கட்டுகள். ஏழு பழையவை, கடைசியான ஸ்ரீவைகுண்டம் மட்டும் ஆங்கிலேயர் காலத்தில் 1870களில் முடிந்தது. வெள்ளத்தைத் தடுத்து நிறுத்தும் எண்ணமே இந்தப் பழைய அமைப்பில் இல்லை. தாழ்வான கல்வரிசை ஒன்றைக் குறுக்கே வைத்து, வேண்டிய தண்ணீரைப் பக்கவாட்டில் திருப்பிக் குளம் குளமாக நிரப்பிவிட்டு, மிஞ்சியதை மேலே வழிந்து போக விட்டிருக்கிறார்கள். நடந்து பார்க்கும்போதுதான் இதன் நுட்பம் புரிகிறது. பஸ் ஜன்னலிலிருந்து பார்த்தால் வெறும் வாய்க்கால்தான்.

பாதி வழியில் மகனின் செருப்பு ஒன்று கால்வாயில் விழுந்து கிடுகிடுவென்று போய்விட்டது. அழ ஆரம்பித்துவிட்டான். துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் அதைப் பார்த்து, கீழே அடுத்த படித்துறையில் இருந்தவர்களுக்குக் குரல் கொடுத்தார்கள். அவர்கள் அதற்கடுத்த துறைக்கு. நாங்கள் மதகை அடைவதற்குள் பையன் ஒருவன் ஈரச் செருப்பைக் குச்சியில் மாட்டி நீட்டிக்கொண்டு நின்றான். பதினைந்து ரூபாய் கொடுக்கப் போனேன். பின்னால் ஓடிப்போய்க் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

கரையில் நெருஞ்சி முள் நிறைய. செருப்பு இல்லாத அந்த இருநூறு அடியில் மகனைக் கணவர் தோளில் சுமந்தார். இந்தப் பாதைக்கு மூடிய காலணியே நல்லது.

சேரன்மகாதேவி நெருங்க நெருங்கக் காணும் பொங்கல் கூட்டம். மர நிழல் ஒன்றுவிடாமல் பாய் விரித்துக் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள். புளியோதரை, தேங்காய்ச் சோறு, கூட்டாஞ்சோறு, வடகம், அப்பளம். நாங்கள் கொண்டுபோனது தயிர்ச்சோறும் நாரத்தங்காயும்தான். ஓர் ஓரமாக உட்கார்ந்து பிரித்தோம். பக்கத்துப் பாயிலிருந்து ஓர் ஆச்சி எங்கள் இலையைப் பார்த்துவிட்டார். "நல்ல நாளும் அதுவுமாகத் தயிர்ச்சோறா? பிள்ளைகளை இங்கே அனுப்பு தாயி" என்றார். அனுப்பவும் அவர் காத்திருக்கவில்லை, தாமே எழுந்து வந்து கூட்டாஞ்சோற்றை இலையில் வைத்துவிட்டார். முருங்கைக்கீரையும் கத்தரிக்காயும் மாங்காயும் அரிசி பருப்போடு குழைந்து வெந்த சோறு. இந்த ருசியில் ஓட்டலில் சாப்பிட்டதில்லை.

அந்தக் குடும்பத்தில் சிறுவீட்டுப் பொங்கல் அன்றுதான். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துப் பெண் குழந்தைகளுக்கே உரிய பண்டிகை இது. வாசலில் மண்ணால் சிறுவீடு கட்டி, மார்கழியெல்லாம் கோலத்தில் வைத்த பூவையும் சாணத்தையும் வறட்டியாகத் தட்டிச் சேர்த்து, தையில் ஒருநாள் பொங்கலிட்டு எல்லாவற்றையும் ஆற்றில் விடுவார்கள். மாலையில் பேத்திகள் வறட்டியும் பொங்கலும் எடுத்துப் பாடிக்கொண்டு துறைக்கு இறங்கினார்கள். எங்கள் மகளையும் கையைப் பிடித்து அழைத்துப்போய்விட்டார்கள். வறட்டியில் சூடம் ஏற்றி மிதக்கவிட்டு, கரையில் கும்மியடித்தார்கள். பாட்டுத் தெரியாத என் மகள் கைதட்டை மட்டும் சரியாகப் பிடித்துக்கொண்டாள். பாபநாசத்தில் துணி விடுகிறவர்களைப் பார்த்த மறுநாள் இதைப் பார்த்தேன். பூவும் சாணமும் ஒருபிடிச் சோறும் ஆற்றுக்குச் செரிக்கும். அவர்களுக்கு அது தெரிந்திருக்கிறது.

கரையிலிருக்கும் மிளகு பிள்ளையாரையும் பார்த்தோம். மழை பொய்த்தால் மிளகை அரைத்து இவர் மேனியில் பூசி அபிஷேகம் செய்வார்கள். அந்தத் தண்ணீர் கால்வாயில் கலந்தால் மழை வரும் என்பது நம்பிக்கை. வ.வே.சு. ஐயர் குருகுலம் நடத்தியதும் இந்த ஊரில்தான். பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிச் சாப்பாடு என்பதால் எழுந்த எதிர்ப்பு தமிழக அரசியலையே திருப்பியது. எல்லோருக்கும் ஒரே கரையில் ஒரே இலையில் சோறு விழுந்த அந்த மதியத்தில் இதை மகளுக்குச் சொன்னபோது, அவளுக்கு அந்தப் பழைய வழக்கம் புரியவே இல்லை. புரியாமல் போனதில் எனக்கு மகிழ்ச்சி.

ஜனவரி 17, திருப்புடைமருதூர்

கால்கள் கனத்தன. அதனால் இன்றைக்கு நடை குறைவு. கடனா நதி தாமிரபரணியோடு கலக்கும் இடம் திருப்புடைமருதூர். வீரவநல்லூரிலிருந்து ஆட்டோ பிடித்தோம், போக வர நானூறு ரூபாய் என்று பேச்சு.

ஊருக்குள் நுழையும்போதே தலைக்கு மேல் இரைச்சல். மருதமும் இலுப்பையும் எச்சத்தால் வெள்ளையடித்தது போல நின்றன. வர்ண நாரை, சாம்பல் நாரை, நீர்க்காகம், அரிவாள் மூக்கன். 2005இல் இந்த ஊரின் மரத்தோப்பைப் பறவைகள் காப்பகமாக அரசு அறிவித்தது. நாட்டிலேயே அந்த வகையில் முதலாவது. மொத்தம் ஏழு ஏக்கர்தான். ஊரார் வீட்டுக் கொல்லை மரங்களிலும் கூடு இருக்கிறது. கூட்டிலிருந்து விழும் குஞ்சை எடுத்துப் பராமரிப்பதும், பண்டிகையில் வெடி போடாமல் அடங்கியிருப்பதும் அவர்களுக்குப் பழகிப்போனவை. வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த மதினி ஒருவரிடம் நாற்றம் பற்றிக் கேட்டேன். "அது எங்கள் ஊர் வாசனை. பறவை வராத வருஷம்தான் வயிற்றைக் கலக்கும்" என்றார். இந்தப் பறவைகள் இரை தேடிப் போவது சுற்றியுள்ள வயலுக்கும் குளத்துக்கும்தான். வெள்ளப் படுகை வயலாகவும் குளமாகவும் இருக்கும் வரைதான் இந்த மரங்களில் கூடு இருக்கும்.

நாறும்பூநாதர் கோயிலில் லிங்கம் ஒருபக்கம் சாய்ந்திருக்கிறது. கருவூர்ச் சித்தர் எதிர்க்கரைக்கு வந்தபோது ஆற்றில் வெள்ளம். கடக்க முடியாமல் அங்கிருந்தே கூப்பிட்டாராம். இரைச்சலில் அந்தக் குரலைக் கேட்பதற்காக இறைவன் செவியைச் சாய்த்தாராம். என் மகன் சந்நிதியில் அர்ச்சகரிடமும் தன் கேள்வியைக் கேட்டுவிட்டான். அவர் சிரிக்காமல், வெளியே கூட்டிவந்து ஆற்றுப் பக்கப் படிகளில் ஒன்றைக் காட்டி, "இது வரைக்கும்" என்றார்.

ராஜகோபுரத்தின் உள்தளங்களில் மரச்சிற்பங்களும் சுவரோவியங்களும் இருக்கின்றன. கப்பலில் குதிரைகள் வந்திறங்கும் காட்சிகூட அவற்றில் உண்டு. உள்ளே படிகள் செங்குத்து. அத்தையையும் சிறுவனையும் வைத்துக்கொண்டு நாங்கள் ஏறவில்லை. கோபுர நிழலில் உட்கார்ந்து அந்தக் குதிரைக் கப்பலைப் பற்றி மட்டும் பேசினோம். குதிரை எந்தக் கடலில் இறங்கியது என்று மகள் கேட்டாள். இந்த ஆற்றின் கடைசிக்குப் போகும்போது துறைமுகம் ஒன்றைக் காட்டுகிறேன் என்று சொல்லிவைத்தேன்.

பன்னிரண்டரைக்கு வருவதாகச் சொன்ன ஆட்டோ வரவில்லை. போனும் எடுக்கவில்லை. வெயில் ஏறிவிட்டது, கடையில் கடலைமிட்டாயும் சோடாவும்தான். ஒன்றரை மணிக்கு, வாழைத்தார் ஏற்றிய சிறிய லாரி ஒன்று நின்றது. ஓட்டியவர் அத்தையை முன்னால் ஏற்றினார், நாங்கள் தார்களுக்கு நடுவே. முக்கூடலில் இறக்கிவிட்டு ஒரு சீப்புப் பழத்தையும் மகளிடம் கொடுத்தார். முக்கூடலில் மதியச் சாப்பாடு நூறு ரூபாய். ரசம் மிளகு தூக்கலாக இருந்தது. எல்லோரும் அதையே இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினோம்.

ஜனவரி 18, குறுக்குத்துறை

திருநெல்வேலிக்கு வந்துவிட்டோம். காலையில் தூறல். பத்து மணி வரை அறையிலேயே கிடந்தோம். எல்லோருக்கும் அது தேவைப்பட்டது.

குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது. வெள்ளம் வரும் என்று தெரிந்தே அங்கே கட்டியிருக்கிறார்கள். தண்ணீர் மோதிப் பிரிந்து போக வேண்டும் என்று மேற்குப் பக்கச் சுவர் படகின் முனை போல் அமைந்திருக்கிறது. வெள்ளம் ஏறும்போது உற்சவரையும் உண்டியலையும் கரைமேல் கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். மூலவர் தண்ணீருக்குள் இருப்பார். வடிந்ததும் சேற்றைக் கழுவி, மறுபடி பூஜை. 2023 டிசம்பரிலும் இப்படித்தான் நடந்தது. அதே வெள்ளத்தில் நகரத்துக்குள், வயலாகவும் வாய்க்காலாகவும் இருந்து பின்னால் கட்டடமாக மாறிய இடங்களில் ஜனங்கள் பட்ட பாட்டை எல்லோரும் பார்த்தோம். ஆறு தன் படுகைக்கு வருவதை ஆக்கிரமிப்பு என்று சொல்ல முடியாது. அங்கே போய் உட்கார்ந்தது நாம்.

மகன் மண்டபத் தூணைக் காட்டிக் கேள்வியைக் கேட்டான். அங்கே குளித்துக்கொண்டிருந்த பெரியவர் கையை மேலே தூக்கி, பிறகு இன்னும் மேலே என்று ஆகாயத்தைக் காட்டினார்.

மாலையில் சுலோசன முதலியார் பாலத்தின் மேல் நடந்தோம். 1843இல் திறந்தது. படகுக்குக் காத்திருந்து ஜனங்கள் பட்ட சிரமத்தைப் பார்த்து, கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தேதாராக (தலைமை எழுத்தர்) இருந்த முதலியார் தம் சொந்தச் செல்வத்தைக் கொடுத்துக் கட்டினார். வளைவுகளை முழுதாகப் பார்க்க வேண்டுமானால் கரைக்கு இறங்க வேண்டும். பாலத்தின் மேல் வண்டி நெரிசல், குழந்தைகளோடு நடக்க ஏற்றதல்ல. அல்வா வாங்க நின்ற வரிசையில் முக்கால் மணி நேரம் போனது. சூடான அல்வாவை வாழையிலையில் வாங்கி நின்றபடியே சாப்பிட்டதும் அந்த முக்கால் மணி மறந்துவிட்டது.

ஜனவரி 19, ஆதிச்சநல்லூர் – ஸ்ரீவைகுண்டம் – கொற்கை

கடைசி நாள், நீண்ட நாள்.

ஆதிச்சநல்லூரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் மகள் கவனித்துவிட்டாள்: "இங்கே நெல் இல்லை." உண்மை. சுற்றிலும் பச்சை, நடுவே சரளைக்கல் பரம்பு. நூற்றுப் பதினான்கு ஏக்கர் மேட்டு நிலம், விவசாயத்துக்கு உதவாதது, வெள்ளம் ஏறாதது. செத்தவர்களை முதுமக்கள் தாழியில் வைத்து அடக்கம் செய்ய அன்றைய மக்கள் தேர்ந்தெடுத்தது இதைத்தான். உழுகிற நிலத்தை உயிருள்ளவர்களுக்கு வைத்துவிட்டு, வெள்ளம் தொடாத மேட்டை முன்னோர்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். 1876இல் ஜெர்மானியர் யாகோர் தோண்டி, எடுத்ததை பெர்லினுக்குக் கொண்டுபோனார். பிறகு அலெக்சாண்டர் ரீ, தங்க நெற்றிப்பட்டங்களும் இரும்பு ஆயுதங்களும் வெண்கலப் பொருட்களும் கண்டெடுத்தார். இப்போது தோண்டிய குழிகளின் மேலேயே கண்ணாடித் தளம் போட்டிருக்கிறார்கள். கீழே தாழிகள் அப்படியே இருக்க, நாம் மேலே நடக்கிறோம். அத்தை கண்ணாடியில் கால் வைக்க மறுத்துவிட்டார். செருப்பைக் கழற்றி ஓரமாக நின்று கும்பிட்டார். அவர் செய்ததே சரி என்று எனக்கும் பட்டது.

பக்கத்தில் சிவகளையில் தாழிக்குள் கிடைத்த நெல் கி.மு. 1155ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்று ஆய்வு சொல்லியிருக்கிறது. வழியெல்லாம் பார்த்துவந்த பிசான வயலோடு சேர்த்து அதை நினைத்தேன். மூவாயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேலாக இந்தப் படுகை ஓயாமல் சோறு போட்டுக்கொண்டிருக்கிறது.

புதுக்குடியில் டீ குடித்தோம், பன்னிரண்டு ரூபாய். ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையம் இந்தக் கரையில்தான் இருக்கிறது. 2023 டிசம்பர் 17 இரவு, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் இங்கே எண்ணூறு பயணிகளோடு வெள்ளத்தில் நின்றுபோனது. தண்டவாளத்துக்கு அடியில் மண்ணே அரித்துப் போயிருந்தது. ஊரே தத்தளித்த நேரத்தில் புதுக்குடிக்காரர்கள் தங்கள் வீட்டு அரிசியைப் பொங்கி அவர்களுக்குப் போட்டார்கள். டீக்கடை அண்ணாச்சியிடம் அதைப் பற்றிக் கேட்டேன். "வந்தவர்களைப் பட்டினி போட முடியுமா அம்மா?" என்றார். அவ்வளவுதான். பேச்சை மாற்றி, குழந்தைகளுக்கு ஆளுக்கொரு முறுக்கு எடுத்துக் கொடுத்தார்.

ஆற்றைப் பாலத்தில் கடந்தோம். பக்கத்திலேயே அணைக்கட்டு, தண்ணீர் வெள்ளைத் துணியாக மடிந்து விழுகிறது. ஸ்ரீவைகுண்டத்தில் கள்ளபிரான் தரிசனம் முடித்து, கிழக்கே நத்தம், அங்கிருந்து திருப்புளிங்குடி. நவதிருப்பதிகள் என்னும் ஒன்பது பெருமாள் கோயில்களில் இந்த மூன்றும் நடக்கும் தூரத்தில் இருப்பவை. முதல் கோயிலில் பெருமாள் நின்ற கோலம், நத்தத்தில் இருந்த கோலம், திருப்புளிங்குடியில் கிடந்த கோலம். நம்மாழ்வார் மூன்றையும் ஒரே அடியில் சேர்த்துப் பாடியிருக்கிறார். வாழைத்தோட்டத்து நடுவே போகும் தார்ச்சாலை, வண்டிகள் குறைவு. கோயில்கள் உச்சிவேளையில் நடை சாத்திவிடும் என்பதால் அத்தையே எங்களை விரட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். திருப்புளிங்குடியில் பெருமாள் திருவடியை வெளிப்பிரகாரத்து ஜன்னல் வழியாகத்தான் பார்க்க முடிகிறது. மகனைத் தூக்கிக் காட்டினேன்.

வெயிலும் களைப்பும் சேர்ந்து ஏரல் வரும்போது எல்லோருக்கும் பேச்சு நின்றுவிட்டது. பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்ட பிறகுதான் குரல் திரும்பியது. அங்கிருந்து ஆட்டோவில் கொற்கை, இருநூறு ரூபாய். இந்த ஆட்டோக்காரர் காத்திருந்து திரும்பவும் கூட்டிவந்தார்.

கொற்கையில் துறைமுகம் தேடிய என் மகளுக்கு முன்னால் இருந்தது ஒரு குளம், வாழை, நெல், மிகப் பழைய வன்னி மரம் ஒன்று. பாண்டியரின் முத்துத் துறை இதுதான். இங்கே எடுத்த கரித்துண்டு ஒன்று கி.மு. 785 என்று காலம் காட்டியது. கடலோ இப்போது ஆறேழு கிலோமீட்டர் கிழக்கே. ஒவ்வொரு வெள்ளத்திலும் ஆறு கொண்டுவந்த வண்டல் கொஞ்சம் கொஞ்சமாகக் கடலைத் தள்ளி, துறைமுகத்தை வயலாக்கிவிட்டது. பிறகு துறை பழையகாயலுக்கு நகர்ந்தது, அங்கும் மண் மூடியது. காருகுறிச்சி முற்றத்தில் அண்ணாச்சி பானையாக வனைந்த அதே வண்டல்தான் என்று மகளிடம் சொன்னேன். குனிந்து கரையிலிருந்து ஒரு பிடி எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்தாள்.

மகன் வன்னி மரத்தடியில் உட்கார்ந்திருந்த தாத்தாவிடம் போய்விட்டான். அவர் கையால் காட்டவில்லை. எழுந்து, குளத்தங்கரை ஓரமாக அவனை நடத்திக்கொண்டுபோய், 2023இல் தண்ணீர் எந்த வீடு வரை வந்தது, எந்த வீட்டுக்கு வரவில்லை என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். வராத வீடுகள் எல்லாம் பழைய வீடுகள்.

முகத்துவாரம் பார்க்காமல் விட்டுவிட்டோம். பொழுது சாய்ந்துவிட்டது, தூத்துக்குடியில் இரவு ரயில். புன்னைக்காயலில் அலையாத்தி மரங்களும், தமிழ் அச்சுப் புத்தகத்தின் முன்னோடி அண்ட்ரிக் அடிகளார் வாழ்ந்த கடற்கரையும் இருக்கின்றன. கோடை விடுமுறையில், பதநீர் இறங்கும் நாட்களில், ஆத்தூரிலிருந்து வெற்றிலைக் கொடிக்கால்கள் வழியாக அதுவரை நடப்பதாகத் திட்டம். அத்தை புது முழங்கால் பட்டை ஒன்று வாங்கச் சொல்லியிருக்கிறார்.